எவெர்ட் தெருவைக் கடந்த வரலாறு

எவெர்ட் ஓகெர்ப்ளூம் டிராமிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மாதம் குறைய நாற்பது வருடம் ஆயிற்று. அவர் இறங்கிய மேடை ஹூர்ன்ஸ்காத்தன் தெருவின் நடுவில் இருக்கிறது. வீடு அதே தெருவின் தெற்கு ஓரத்தில், மேடைக்கு நேர் எதிரே, இரண்டாம் மாடியில். நடுவே இருந்தது பாதித் தெரு. ஸ்டாக்ஹோமில் இதைவிடத் தொலைவு போய்த் திரும்பியவர்கள் உண்டு. அமெரிக்காவில் பண்ணை வைத்து நொடித்துப்போய் வந்தவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இரண்டு பேர். அவர்கள் யாரும் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் இறங்கியது 1967 செப்டம்பர் இரண்டாம் தேதி, சனிக்கிழமை இரவு. மறுநாளோடு ஸ்வீடன் முழுவதும் இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் வலப்பக்கத்துக்கு மாற வேண்டும் என்று அரசு முடிவு செய்திருந்தது. டிராம்களுக்குக் கதவுகள் இடப்பக்கம் இருந்தன. அவற்றை மாற்றுவதைவிட டிராமையே விட்டுவிடுவது சுலபம் என்று நகரத்தில் நினைத்தார்கள். எங்கள் தெருவின் கடைசி டிராமை ஓட்டி வந்தவர் எவெர்ட். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஒரு வருடம், மனைவி பார்ப்ரூ நான்கு மாதக் கர்ப்பம். வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் விட மனம் வராமல், கைப்பிடியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு எதிரே மேடையில் இறங்கிக்கொண்டார். அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதை மாற்றும் வேலைக்காக அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரை நகரத்தில் சொந்தக் கார்கள் ஓடத் தடை. தெரு மைதானம் மாதிரிக் கிடந்தது. குழந்தைகள் நடுவில் உட்கார்ந்து கோலி விளையாடின. கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடந்திருக்கலாம். எவெர்ட் கடக்கவில்லை. பார்ப்ரூ முட்டைக்கோஸ் இலையில் கொத்துக்கறியைச் சுருட்டி வேகவைத்து, உருளைக்கிழங்கோடு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

"எவெர்ட்! சாப்பாடு ஆறுது!"

"ஒரு நிமிஷம், வந்துட்டேன்!" என்றார் எவெர்ட்.

அந்த நிமிஷத்தில் மணி மூன்று அடித்தது, தடை நீங்கியது, கார்கள் வந்தன. அவர் எழுந்து, பிறந்ததிலிருந்து பழகியபடி இடப்பக்கம் பார்த்தார். ஒன்றும் இல்லை. காலைக் கீழே வைத்தார். வலப்பக்கத்திலிருந்து ஒரு வோல்வோ அவர் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. காலை மேலே எடுத்தார். அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் ஒரு லாரி. அன்று முதல் அந்த வரிசை அறவே அறுபடவில்லை.

இரவில் தெரு காலியாகத்தானே இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. காலியாகத்தான் இருக்கும். எவெர்ட் காலை எடுத்து வைத்ததும் ஒரு ரொட்டி வண்டி வரும். அது போன பிறகு வைத்தால் செய்தித்தாள் வண்டி. சாலையைச் செப்பனிட நகராட்சி வடக்குப் பக்கத்தை அடைத்தால் தெற்குப் பக்கத்தில் இரட்டிப்பாக வந்தன. தெற்குப் பக்கத்தை அடைக்க வந்தபோதெல்லாம் மழை பிடித்துக்கொண்டது, வேலையாட்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பார்ப்ரூ இந்தப் பக்கமிருந்து போக முயன்றபோதும் அதே கதைதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையிலும் வெயிலிலும் நடைபாதை ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒருநாள் மேலே போய்த் துணி காயப்போடும் கொடியைக் கழற்றிக் கொண்டுவந்தாள். கீழ்வீட்டு மீன்பிடிக்காரர் தூண்டிலில் முனையைக் கட்டி வீச, எவெர்ட் பிடித்து விளக்குக் கம்பத்தில் முடிந்தார். இரண்டு பக்கமும் கப்பி பொருத்தினார்கள். அப்புறம் சாப்பாடு, காபிக் குடுவை, கம்பளி, சவரக் கத்தி எல்லாம் கூடையில் கார்களின் தலைக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தன. வியாழக்கிழமை தோறும் பட்டாணி சூப் போகும்போது மட்டும் கீழே போகிறவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். மேடையின் நிழற்குடையில் மின்கணப்பு இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. இங்கெலா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மாதம் ஆனதும் பார்ப்ரூ துணிக்கூடையில் ஆட்டுத்தோல் விரித்து, குழந்தையை அதில் கிடத்தி, கொடியில் விட்டாள். தெருவே மேலே பார்த்தது. குழந்தை பஸ்களுக்கு மேலே தூங்கிக்கொண்டே போய், அப்பா மடியில் விழித்து, பசித்ததும் திரும்பி வந்தது. இது ஞாயிறு தோறும் நடந்தது. நான்கு வயதில் ஒருநாள் கொடி தொய்ந்து, ஒரு பஸ்ஸின் கூரை இங்கெலாவின் செருப்பு அடியை உரசியது. அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று, இன்னொரு தடவை என்று கேட்டாள். பார்ப்ரூ அதோடு நிறுத்திவிட்டாள். எவெர்ட் மகளைக் கடைசியாகத் தூக்கியது அந்த ஞாயிறுதான். அதற்குப் பிறகு அவள் வளர்வதை, ஜன்னல் விளிம்புக்கு மேலே தலை எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத் தெரிந்துகொண்டார்.

போலீஸ் வந்து பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வசந்த காலத்தில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து கையைத் தூக்கினார். எல்லாக் கார்களும் நின்றன. பார்ப்ரூ கீழே ஓடி வந்து, மூச்சு வாங்க, நடைபாதையில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். எவெர்ட் தொப்பியைக் கழற்றி முதல் காருக்கு வணக்கம் சொன்னார். பிறகு, "ரொம்ப நன்றி, அதிகாரி அவர்களே. இவங்களையெல்லாம் போகச் சொல்லிடுங்க. எனக்காக யாரும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்" என்றார்.

"யோவ், அஞ்சு நொடிய்யா! நடந்து வந்துடுய்யா!" என்று கத்தினார் போலீஸ்காரர்.

"அந்த அம்மா கடிகாரத்தைப் பாத்துட்டாங்க" என்றார் எவெர்ட். முதல் காரில் இருந்த பெண் உண்மையிலேயே பார்த்துவிட்டிருந்தாள். கை இறங்கியது, கார்கள் கிளம்பின. பார்ப்ரூ மேலே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பே இல்லை. எவெர்ட் குறை சொல்லவில்லை. தன்னால் ஒரு வண்டிகூடப் பிரேக் போடக் கூடாது என்பது அவர் வைத்திருந்த கணக்கு. எங்களில் பலருக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமே என்று இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

வருடங்கள் போயின. நாட்டில் எல்லோரும் பட்டத்தையும் பதவியையும் சொல்லி அழைப்பதை விட்டுவிட்டு, வங்கி மேலாளரையும் பால்காரரையும் ஒரே மாதிரி 'நீ' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்தச் செய்தி தெருவைக் கடக்கவில்லை. எவெர்ட் வீட்டாரைத் தவிர எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைத்துவந்தார். மக்கள்தொகைப் பதிவில் அவர் முகவரி மேடை என்று ஏறியது, தபால் வந்தது, அறுபத்தைந்தில் ஓய்வூதியமும் வந்தது. மேடை விரிசலில் முளைத்த, குட்டித் திராட்சை மாதிரிப் பழம் தரும் ஒரு செடியைக் காபித் தூள் போட்டு வளர்த்தார். அது புதராகி, ஜூலை மாதம் சிவப்பாகக் காய்த்துத் தொங்கியது. தெருவின் இரைச்சலில் அவரும் பார்ப்ரூவும் கத்தியே பேசிப் பழகினார்கள். பார்ப்ரூவின் திரைச்சீலைகள் மாதத்துக்கு ஒருமுறை கறுத்தன, அவளும் இருமத் தொடங்கினாள். இங்கெலா வளர்ந்து, நகரின் வடக்கே ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, தெருவின் மேற்கு முனையில் இருக்கும் பாலத்துக்கு அப்பால் ஹெகெர்ஸ்டெனில் வீடு பார்த்துக்கொண்டு, ஒரு பச்சைக் கார் வாங்கினாள். தினமும் காலையில் எங்கள் தெரு வழியாக, தெற்குப் பக்க வரிசையில்தான் வேலைக்குப் போவாள். அப்பாவைக் கடக்கும்போது இரண்டு தடவை விளக்கை அணைத்து ஏற்றுவாள். அவர் எல்லாக் காருக்கும் தொப்பியைத் தூக்குவது போல அதற்கும் தூக்குவார்.

பிறகுதான் நகரத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் என்ற பேச்சு வந்தது. ஒவ்வொரு பாலத்திலும் வளைவு மாதிரி ஒரு கம்பி, அதில் கேமரா, உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் ஒரு தொகை, நெரிசல் நேரத்தில் இருபது குரோனர். இரவிலும் விடுமுறையிலும் ஒன்றும் இல்லை. ஏழு மாதம் சோதித்துப் பார்ப்பது, அப்புறம் மக்களே வாக்களித்துச் சொல்லட்டும் என்று ஏற்பாடு. ஊர் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ரோலண்ட் திடெர்மான், கண்ணாடியில் 'வேண்டாம்' என்று ஆளுயர எழுத்தில், கடையிலேயே விலை அதிகமான சிவப்பில் எழுதி வைத்தார்.

"பெயின்ட் டப்பாவைத் தோள்ல வெச்சுக்கிட்டு பஸ்ல போவானா மனுஷன்? கடையை இழுத்து மூட வேண்டியதுதான்" என்று படியில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

"உன் கடைக்கு கார்ல வந்தவனை நான் பாத்ததே இல்லையே ரோலண்ட். நிறுத்த இடம் இல்லாம சுத்திட்டுத் திரும்பிப் போறவனைத்தான் பாத்திருக்கேன்" என்றாள் பார்ப்ரூ.

இங்கெலாவும் ரோலண்ட் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு வந்தவள் காரைப் பற்றிப் பேச்செடுத்ததும் கொதித்தாள்.

"ஏம்மா, நான் வேலைக்குப் போறதுக்கும் அபராதமா? பனியில நடந்து வரச் சொல்றியா?"

"சுரங்க ரயில் எதுக்குடி இருக்கு?"

"அதுல ஈரக் கம்பளி நாத்தம் அடிக்கும்."

"உங்கப்பா முப்பத்தெட்டு வருஷமா வெளியில நிக்கிறார். உனக்கு நாத்தம்!"

"அப்பா நிக்கிறது என்னாலயா?" என்றாள் இங்கெலா. பார்ப்ரூ ஏலக்காய் ரொட்டித் தட்டை அவளிடம் தள்ளினாள்.

2006 ஜனவரி மூன்றாம் தேதி சோதனை தொடங்கியது. அன்று காலை எங்களை எழுப்பியது அமைதி. அடுப்பில் எதையோ மறந்து வைத்துவிட்டோமா என்று பலர் எழுந்து போய்ப் பார்த்தோம். தெருவில் பனி வெள்ளையாகவே கிடந்தது, எங்கள் தெருவில் பனிக்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்பதைச் சிறுபிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். பார்ப்ரூ ஜன்னலைத் திறந்து வழக்கம்போல் தொண்டை கிழியக் கத்தினாள்.

"எவெர்ட்! உள்ளே போட்டுக்கறது மாத்தினியா?"

அந்தக் கேள்வியைத் தெருவின் இரண்டு கோடியிலும் கேட்டார்கள். எவெர்ட் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மாத்திட்டேன், பார்ப்ரூ. மெதுவாவே பேசு, கேக்குது" என்றார்.

கார்கள் வராமல் இல்லை, வந்தன. ஆனால் ஐந்தில் ஒன்று குறைந்திருந்தது. அந்த இல்லாத கார் வர வேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி வந்தது. அது பாலத்தின் பக்கமிருந்து, மற்ற கார்களோடு அதே வேகத்தில், சுத்தமாக, வெறுமையாக உருண்டு வந்து எவெர்ட்டுக்கு முன்னால் நின்றது. எவெர்ட் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். இடைவெளி அப்படியே இருந்தது. யாரோ ஒருவருக்கு வந்தது வழி தவறி இங்கே நிற்கிறது என்று நினைத்து, தொப்பியைத் தூக்கி அதை வழியனுப்பி வைத்தார். அடுத்ததையும் அப்படியே. இரண்டு வாரம் இடைவெளிகளை மரியாதையோடு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடைக்கு முன்னால் உப்புத் தூவிக்கொண்டிருந்த ரோலண்ட் பொறுக்கமாட்டாமல், "ஏம்ப்பா எவெர்ட், அது உன்னோடதுதான்ப்பா! வரிசையில உனக்கு முன்னால வேற எவன் நிக்கிறான்?" என்று கேட்டார். எவெர்ட் திரும்பிப் பார்த்தார். மேடையில் வேறு யாரும் இல்லை. அது ஒத்துக்கொள்ள வேண்டிய நியாயமாகப் பட்டது. அடுத்த இடைவெளி வந்ததும் இறங்கி, நடந்து, வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆறு மாதம் அவர் எங்களில் ஒருவராக இருந்தார். படிக்கட்டு ஏற முதலில் சிரமப்பட்டார், மேடையில் படி கிடையாது. கட்டிலில் படுத்தால் இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று பார்ப்ரூ குளிர்பெட்டியைப் படுக்கையறைக்கு நகர்த்தி வைத்தாள். இங்கெலா ஞாயிறுகளில் வந்தாள். ஆனால் இருவருக்கும் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான்கு வயதுக் குழந்தையைத் தூக்கிய கை அவளுடைய தோளைத் தொட்டுவிட்டு, தவறான வீட்டுக் கதவைத் தட்டியது போல விலகிக்கொண்டது. அவளும் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவாள். ஒன்றை மட்டும் பார்ப்ரூ செய்யவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்த அந்தத் தட்டு, இன்னொரு தட்டால் மூடி, அடுப்பின் மேலடுக்கில் இத்தனை வருடமும் இருந்தது. வந்த அன்று எவெர்ட் அதைப் பார்த்தார். "இது இப்ப இல்லை. இது சோதனைதானே. நிரந்தரமா வா, அப்ப எடுக்கிறேன்" என்றாள் பார்ப்ரூ. அவருக்குப் பட்டாணி சூப் ஊற்றினாள்.

ஜூலை முப்பத்தொன்றோடு சோதனை முடிந்தது. மறுநாள் விடியற்காலை எவெர்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெயிலில் பழப் புதர் வாடியிருந்தது. பூவாளியை எடுத்துக்கொண்டார்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றாள் பார்ப்ரூ, இன்னும் படுக்கையில்.

"ஒரு நிமிஷம். செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்."

அவள் எழுந்து ஜன்னலுக்கு ஓடி வருவதற்குள் அவர் தெருவைக் கடந்து மேடையில் ஏறியிருந்தார். அந்தப் பக்கம் பாலத்திலிருந்து, விடுமுறை முடிந்து வெயிலில் கறுத்த முகங்களோடு, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கேமராக்கள் கண்ணை மூடியிருந்தன. இல்லாத காரெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஒரு நாளில், ஒரு வாரத்தில்கூட இல்லை, ஒரே நாளில்.

அந்த வரிசையில் இங்கெலாவின் பச்சைக் காரும் இருந்தது. அப்பா மேடையில் நிற்பது அவளுக்குத் தெரியாது, அவர் வீட்டில் தூங்குகிறார் என்று நினைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் போன வண்டி சற்று வேகம் எடுக்க, நடுவில் கொஞ்சம் இடம் விழுந்தது. இடம் விழுந்தால் பக்கத்து வரிசைக்காரன் நுழைந்துவிடுவான் என்று காலையில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள், அழுத்தி ஓட்டி அதை அடைத்தாள். அப்போது மேடை ஓரத்தில், பூவாளியோடு, ஒரு காலைத் தெருவில் வைத்துவிட்டிருந்த ஒரு கிழவர் அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். பிறகு அவளுடைய காரைப் பார்த்து, உள்ளே யார் என்று தெரியாமலே, தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கும்படி தொப்பியைத் தூக்கினார்.

நிறுத்த முடியவில்லை, பின்னால் வரிசை. தெரு முடிகிற இடம் வரை போய், பஸ் நிற்கும் இடத்தில் காரை ஏற்றி நிறுத்திவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா காலைப் பின்னால எடுத்தாரே, அந்தக் கார்."

"எந்தக் கார்? காலையிலேருந்து நூறு கார் போயிருக்கு."

"பச்சைக் கார். அது நான்தாம்மா."

தெரு இரைச்சலில் கேட்கவில்லையோ என்று இங்கெலா திரும்பவும் சொல்லப் போனாள். "கேட்டுது. சாயங்காலம் ரயில்ல வா. சூப் இருக்கு" என்றாள் பார்ப்ரூ. இங்கெலா ரயிலில் வந்தாள். அதற்கப்புறம் அந்தக் கார் அவள் வீட்டு வாசலில் நின்று, குளிர்காலத்தில் பனிமேடாகி, ஒரு பறவை அதில் கூடு கட்டியது. காரை வாங்க வந்தவனிடம் குஞ்சு பறக்கும்வரை பொறு என்று சொல்லித்தான் அவள் விற்றாள்.

வாக்கெடுப்பு செப்டம்பர் நடுவில். எங்கள் கட்டடத்தில் பேச்சு முழுக்க அதுதான். ஆகஸ்ட் முழுவதும் பார்ப்ரூ இருமலோடு எங்கள் பகுதியான சோடர்மால்மின் ஒவ்வொரு படிக்கட்டும் ஏறி இறங்கினாள். கையில் பிரசுரம் ஒன்றும் கிடையாது. கதவைத் திறந்தவர்களை ஜன்னலுக்குக் கூட்டிப்போய், "அதோ நிக்கிறாரே, அவர் என் புருஷன். அவர் வீட்டுக்கு வரணும்" என்பாள், அவ்வளவுதான். இங்கெலா ஹெகெர்ஸ்டெனில் அதையே செய்தாள், அங்கே ஜன்னலிலிருந்து மேடை தெரியாதபடியால் அவளுக்கு நேரம் அதிகம் பிடித்தது. சிலர் கதவைச் சாத்தினார்கள். "உங்கப்பனுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?" என்றார் ஒருவர். "நானும் அப்படித்தான் கேட்டேன்" என்றாள் இங்கெலா. அவர் அவளை உட்காரச் சொன்னார்.

வாக்குச் சாவடிக்கு வர முடியாதவர்கள் வீட்டாரிடம் உறையைக் கொடுத்தனுப்பலாம். உறையை அவரே ஒட்டினார் என்று பார்த்ததற்கு ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். பார்ப்ரூ இரண்டு சீட்டையும் கூடையில் அனுப்பினாள். 'ஆம்' சீட்டு மேலே இருக்கும்படிதான் வைத்தாள், ஆனால் 'இல்லை' சீட்டையும் வைத்தாள், அவள் அப்படிப்பட்டவள். சாட்சிக்கு ஆள் கிடைக்காமல் ரோலண்டையே கூப்பிட்டாள். கண்ணாடியில் சிவப்பு எழுத்தை வைத்துக்கொண்டே ரோலண்ட், நாடகம் பார்க்கிற சின்னத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொலைநோக்கியை இறக்கியபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. உறை கூடையில் வந்தது, கையெழுத்துப் போட்டார்.

"என்ன போட்டார்?" என்றாள் பார்ப்ரூ.

"வாக்கு ரகசியம்" என்றார் ரோலண்ட். கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

'ஆம்' ஜெயித்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், ஆனால் பாதிக்கு மேலே. அன்று தெருவில் யாரும் ஆடவில்லை, பாடவில்லை. இரண்டு மாடி ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள், யாரோ ஒருவர் டிராம் மணியை அடித்தார், அது அவரிடம் எப்படி வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. பிறகு அரசு யோசித்தது, சட்டம் எழுதியது, திருத்தி எழுதியது. எவெர்ட் இன்னொரு குளிர்காலத்தை மேடையில் கழித்தார். பார்ப்ரூ கொடிக்குப் புதுக் கயிறு மாற்றினாள். அந்தக் குளிர்காலம் நீளமாகத் தெரியவில்லை என்று அவளே சொன்னாள். முடிவு தெரிந்த காத்திருப்பு சூடாக இருக்கும் போலிருக்கிறது.

2007 ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, புதன்கிழமை, கேமராக்கள் திரும்பவும் கண் திறந்தன. இந்த முறை சோதனை இல்லை. தெருவின் இரண்டு நடைபாதையிலும் ஆட்கள் வந்து நின்றோம். ஒருவருக்கொருவர் இடிக்காமல், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள் போல. பார்ப்ரூ கீழே வரவில்லை. ஜன்னலில் நின்றாள். இங்கெலா ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்து நடைபாதை ஓரத்தில், முன்பு அவள் அம்மா நின்ற இடத்தில், நின்றாள். பாலத்தின் பக்கமிருந்து கார்கள் வந்தன. அவற்றுக்கு நடுவே இடைவெளி வந்தது. முன்பு வந்தது போல ஒற்றைக் கார் அளவு இல்லை. தெருவின் அகலத்துக்கு, பாலம்வரை நீண்டு, ஞாயிற்றுக்கிழமை மைதானம் போல. யாரும் பிரேக் போடவில்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஆள் இல்லை.

"எவெர்ட்! சாப்பாடு ஆறுது!" என்றாள் பார்ப்ரூ. கத்தவில்லை, சொன்னாள்.

எவெர்ட் பூவாளியைப் புதரடியில் வைத்தார். எதையாவது மறந்தோமா என்று பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், இறங்கினார். தெரு நடுவில் ஒருமுறை நின்று, தண்டவாளம் புதைந்த இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். அவர் அவசரப்படவில்லை. இங்கெலா நடைபாதையில் நிற்க முடியாமல் இறங்கி ஓடினாள். அவர் இந்தத் தடவை கை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. முப்பத்தொன்பது வயது மகளை இடுப்பில் பிடித்து அப்படியே தூக்கிவிட்டார். அவள் கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தன. தூக்கியபடியே நடைபாதைவரை வந்தார். அவள் கனக்கவில்லை என்று பிறகு சொன்னார். நாங்கள் கைதட்டினோம். எங்களுக்கு அது வழக்கமில்லை, முதலில் சத்தம் ஒழுங்காக வரவில்லை, அப்புறம் வந்தது.

ரோலண்ட் கடையிலிருந்து கையில் பெயின்டோடு ஓடி வந்து எவெர்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணாடியில் இருந்த சிவப்பு எழுத்தை அவர் போன செப்டம்பரிலேயே சுரண்டிவிட்டிருந்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் நிதானம் இல்லை.

"ஏம்ப்பா, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? நீ 'இல்லை'ன்னு போட்டதை ஈடு கட்ட நான் 'ஆம்'னு போட வேண்டியதாப் போச்சேப்பா!"

கைதட்டல் நின்றது. தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் இரண்டாம் மாடிவரை அது தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் மேலே பார்த்தோம். எவெர்ட் மகளைக் கீழே இறக்கினார்.

"எனக்காக ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் காசு குடுக்கணும்னு நானே எப்படி பார்ப்ரூ கேக்கிறது?" என்றார், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.

பார்ப்ரூ கணவனைப் பார்த்தாள், ரோலண்டைப் பார்த்தாள், எங்களை எல்லாம் பார்த்தாள். "மேல வா. அதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

அவர் மேலே போனார். பார்ப்ரூ அடுப்பின் மேலடுக்கிலிருந்து அந்தத் தட்டை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் முன்னால் வைத்தாள். முட்டைக்கோஸ் சுருளிலிருந்து ஆவி வந்தது. ரொம்பச் சூடு இல்லை, நாக்குப் பொறுக்கிற சூடு. எவெர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். இங்கெலா ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள். அவர் தட்டை வழித்து முடித்ததும் பார்ப்ரூ எதிரே உட்கார்ந்து, "சரி, இப்ப சொல்லு" என்று ஆரம்பித்தாள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. கோடையில் ஜன்னல் திறந்திருக்கும் சாயங்காலங்களில், ஹூர்ன்ஸ்காத்தன் தெருவில் போகிறவர்களுக்கு அது ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.